காற்று புகாத குல்லா: குரோஷே கேள்வி பதில்

டொரன்டோவில் இது எனக்கு 18ஆவது குளிர்காலம். வீட்டில் ஐந்து பேருக்கும் தலையில் இருப்பது நான் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் பின்னிப் போட்ட குல்லாதான். குளிர் குல்லா பற்றிக் கேட்டவர்களுக்கு, எனக்குப் பலன் கொடுத்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகன் எட்மன்டனில் படிக்கிறான். உல்லன் நூலை இரட்டையாகப் பிடித்துக் குல்லா போட்டு அனுப்பினேன். "கனமா இருக்கும்மா, ஆனா காது விறைக்குது" என்கிறான். எங்கே தப்பு?

நூலில் தப்பு இருக்காது அம்மா. மகனை வீடியோவில் கூப்பிட்டு, குல்லாவை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியாகத்தான் காற்று போகிறது. குளிரைத் தடுப்பது நூலிழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. எதிர்க்காற்று உள்ளே வந்து அதைத் தள்ளிவிட்டால் எவ்வளவு கனமான நூலும் உதவாது. என் முதல் குளிர்காலத்தில் கணவருக்கு டபுள் குரோஷே என்ற உயரமான கண்ணியில் ஒன்று போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றவர், குல்லாவுக்கு மேலே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். நூல் உறையில் 6.5 மில்லிமீட்டர் ஊசி என்றிருந்தால் 5.5 எடுங்கள். டபுளில் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு ஹாஃப் டபுளுக்கு வாருங்கள். கண்ணி குட்டை, இடைவெளியும் குறைவு.

காதுப் பகுதிக்கு மட்டும் தெர்மல் ஸ்டிச் என்ற இரட்டைத் தடிப்புப் பின்னல் போடுங்கள். 9 செ.மீ. அகலத்துக்குச் சங்கிலி போட்டு, முதல் வரிசையைச் சங்கிலியின் பின்பக்க இழையில் மட்டும் சிங்கிள் குரோஷேயாக (ஹாஃப் டபுளைவிடக் குட்டைக் கண்ணி) போட்டால், இன்னொரு இழை சும்மா நிற்கும். திருப்பிக்கொண்டு, அடுத்த வரிசையில் ஊசியைப் பின்பக்க இழைக்குள் விட்டு, கீழே சும்மா நிற்கும் இழையையும் சேர்த்துக் கோத்து இழுத்து, இரண்டையும் ஒரே சிங்கிளாக முடியுங்கள். ஒவ்வொரு வரிசையும் இப்படித்தான். முதல் மூன்று வரிசை கோணல்மாணலாகத் தெரியும், பிரிக்காதீர்கள். நான்காவதில் துணி இரட்டையாகத் தடிப்பது விரலுக்கே தெரியும். இது அதிகம் இழுபடாது. அதனால் தலையைச் சுற்றி லேசாக இறுக்கிப் பார்த்து, சரியாக வந்ததும் இரண்டு முனையையும் இணைத்து, அதன் ஓரத்திலிருந்து மேலே போடுங்கள். நூல் நிறையத் தின்னும், மெதுவாகத்தான் வளரும். எட்மன்டன் குளிருக்கு அந்த உழைப்பு தகும்.

கேள்வி: தலை வழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகும் என்கிறார்களே?

அப்படி இல்லை. தலை, உடம்பின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். சூடும் ஏறக்குறைய அந்த அளவே போகும். ஆனால் மற்ற இடமெல்லாம் மூடியிருக்க, திறந்திருக்கும் காது முதலில் வலிக்கும். அதற்காகத்தான் குல்லா.

கேள்வி: எந்த நூல் அக்கா? கம்பளி போட்டால் நெற்றி அரிக்கிறது.

மெரினோ வாங்கிப் பாருங்கள், இழை மெல்லிசு, குத்தாது. கொஞ்சம் ஈரமானாலும் கம்பளி சூட்டை விடாது. பனி விழும் ஊரில் இது பெரிய விஷயம். அக்ரிலிக் மலிவு, மெஷினில் துவைக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரும். வெளியே எந்த நூலாக இருந்தாலும் நெற்றி படும் இடத்தில் உள்பக்கம் ஃப்ளீஸ் துணியை ஒரு பட்டையாகத் தைத்துவிடுங்கள். அரிப்பும் போகும், காற்றும் குறையும்.

கேள்வி: தலை அளந்துதான் போட்டேன். கண்ணுக்கு மேல் சரிகிறது.

தலை அளவுக்கே போட்டதுதான் காரணம். குல்லா கொஞ்சம் இழுபட்டு உட்கார வேண்டும். தலை 56 செ.மீ. என்றால் குல்லா 52 போதும். உச்சியிலிருந்து தொடங்குகிறவர்கள் 52ஐ 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.5 வரும். வட்டம் குறுக்கே 16.5 செ.மீ. ஆனதும் கண்ணி கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறங்குங்கள்.

கேள்வி: உச்சி வட்டம் தோசை மாதிரி பரவாமல் ஓரத்தில் நெளிகிறது.

கண்ணி கூடிப்போயிற்று. சிங்கிள் என்றால் ஒரு சுற்றுக்கு 6, ஹாஃப் டபுள் என்றால் 8, டபுள் என்றால் 12 கண்ணி கூட்டினால் தட்டையாக வரும். கிண்ணமாகக் குவிந்தால் குறைவாகக் கூட்டியிருக்கிறீர்கள். அப்புறம், நீங்கள் பார்க்கும் குறிப்பு எந்த நாட்டுடையது என்று கவனியுங்கள். அமெரிக்கர் சிங்கிள் என்பதை இங்கிலாந்தில் டபுள் என்பார்கள். அமெரிக்கருடைய டபுள் இங்கிலாந்தில் டிரெபிள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர். பாதிப் பேருக்குக் கணக்கு தப்புவது இதில்தான்.

கேள்வி: நூல் எவ்வளவு வாங்கலாம்?

உறையில் 5 என்று எண் போட்ட தடித்த நூல் என்றால், பெரியவர் குல்லாவுக்கு 120 கிராம் அளவில் ஆகும். தெர்மல் பட்டைக்கு இன்னொரு உருண்டை கையில் இருக்கட்டும். நிறம் மாறாமல் இருக்க, உறையில் ஒரே சாய எண்ணாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆறு மாதப் பேரனுக்குப் பாம்பாம் (உச்சியில் நூல் பந்து) வைத்துப் போடலாமா?

பாம்பாம் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்வான். கட்டும் கயிறும் வேண்டாம். காதை மூடுகிற மாதிரி ஆழமாகப் போடுங்கள். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடுங்கள். குல்லாவோடு தூங்கவிடாதீர்கள், சூடு ஏறிவிடும்.

கேள்வி: மாமனாருக்குப் போட்ட கம்பளிக் குல்லாவை மெஷினில் சுடுநீரில் போட்டுவிட்டேன். சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிட்டது. பழையபடி ஆகுமா?

ஆகாது, தங்கை. வெந்நீரிலும் உரசலிலும் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அதை இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு ஓட்டை தெரியாது. ஈரமாக இருக்கும்போதே வீட்டில் சின்னத் தலைக்குப் பொருந்தும் ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துக் காயவிடுங்கள், அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். மாமனாருக்குப் புதிதாகப் போடுங்கள். அதைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக வைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.