தரம் 3 பிள்ளைகளுக்கு வாசிப்பையும் எழுத்தையும் விளையாட்டாகக் கற்பிப்பது எப்படி?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலை வகுப்பு எடுப்பதாகவும், புத்தகத்தைத் திறந்தாலே அவர்கள் கொட்டாவி விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடியே வையுங்கள்.

247 எழுத்தையும் ஒப்பித்த பிறகுதான் சொல் என்ற வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ரயில் விளையாட்டு ஆடுங்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று அட்டைகளில் எழுதிச் சுவரோரம் வரிசையாக வையுங்கள். ஒருவர் ரயில் கார்ட். பெயரை வாசித்தவர்தான் அந்த நிலையத்தில் இறங்கலாம். டிக்கெட்டைப் பிள்ளைகளே எழுத வேண்டும். கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் 'கலை' ஒளிந்திருப்பதை என் வகுப்பில் ஒரு சிறுமி தானாகவே கண்டுபிடித்துக் கத்தினாள். அன்று வேறு பாடமே நடக்கவில்லை.

ல, ழ குழப்பத்துக்கு நம் ஊரே போதும். 'மலை' என்றால் கையை உயர்த்த வேண்டும், 'மழை' என்றால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு 'மலையில் மழை' என்று தொடங்கி ஆளுக்கொரு வரி எழுதட்டும். யாராவது 'கொளுந்து' என்று எழுதினால் உடனே சிவப்புப் பேனாவைத் தூக்காதீர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போன கதையை முதலில் முடிக்கட்டும், பிழையைப் பிறகு பார்க்கலாம்.