விருந்து நாளும் கடைக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எட்டு வருடங்களாக உணவகம் நடத்துகிறேன். மேல்மாடியில் 80 பேர் இருக்கக்கூடிய அறையொன்றைச் சென்ற வருடம் திருத்தி, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, அலுவலகப் பிரியாவிடை ஆகியவற்றுக்கு ஒரு தட்டு 1,400 ரூபா என்று கொடுத்துவருகிறேன். ஆட்கள் வருகிறார்கள். ஆனால் விருந்து நடந்த சனிக்கிழமைகளைவிட, வழமைபோலக் கடை நடந்த சனிக்கிழமைகளில்தான் கையில் கூட மிஞ்சுகிறது. கடைசியாக 80 பேர் என்று சொல்லி ஒழுங்குசெய்த விருந்துக்கு 52 பேர்தான் வந்தார்கள். விலையை 1,500 ஆக்கினால் சரிவருமா? சொந்தக்காரரிடம் முற்பணம் கேட்பது எப்படி? கணக்குத்தாளை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கணக்குத்தாளை அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் "மிஞ்சவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள், எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வழியிருக்காது. உங்கள் தாளில் அது முதற் பக்கத்திலேயே தெரிகிறது.

அந்தச் சனிக்கிழமை 80 பேருக்குச் சாமான் வாங்கியிருக்கிறீர்கள். தட்டுக்கு 560 ரூபா வீதம் 44,800 ரூபா. பரிமாற மேலதிகமாகப் பிடித்த நான்கு பேருக்கு 12,000. எரிவாயு, ஜெனரேற்றர் டீசல் எல்லாம் சேர்த்து 4,000. மொத்தச் செலவு 60,800. வந்தவர்களுக்கு மட்டும் பணம் எடுத்ததால் வரவு 72,800. ஆக, கையில் நின்றது 12,000 ரூபா. விருந்தில்லாத சனிக்கிழமை மாலையில் அதே மேல்மாடி, சாமான் செலவு போக, 20,000 வரை தருகிறது என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த விருந்தை ஏற்றதால் உங்களுக்கு 8,000 ரூபா நட்டம். தட்டுக்கு 100 ரூபா கூட்டியிருந்தால் 52 பேரிடமிருந்து 5,200 ரூபாதான் கூட வந்திருக்கும். நட்டம் அப்போதும் தீர்ந்திராது. பழைய விலையிலேயே 80 பேருக்கும் பணம் வந்திருந்தால் 51,200 ரூபா மிஞ்சியிருக்கும். எனவே விலையைத் தொடுவதற்கு முன் வேறு இரண்டு விடயங்களைத் திருத்த வேண்டும்.

முதலாவது, நீங்கள் விற்பது தட்டை மட்டுமே என்ற எண்ணத்தை மாற்றுவது. விருந்து வைப்பவர் உங்கள் அறையையும், அடுப்படியையும், அந்த நாளின் மாலைப் பொழுதையும் சேர்த்து வாங்குகிறார்; அந்த மாலைக்கு ஒரு விலை உண்டு. கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும், விருந்து இல்லாவிட்டால் மேல்மாடி என்ன தரும் என்பதை எழுதிவைத்து, அதற்குக் கீழே மிஞ்சக்கூடிய எந்த விருந்தையும் ஏற்காமல் இருக்க, ஒரு குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மேல்மாடி சும்மா கிடக்குமானால் அன்று 30 பேர் கொண்ட பிரியாவிடை விருந்தும் இலாபம்தான். அதையே சனிக்கிழமைக்குக் கேட்டால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டச் சம்மதமா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் வேறு நாளைக் காட்ட வேண்டும்.

இந்தத் தொகை வருடம் முழுவதும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. வன்னியின் கையில் காசு புரளும் காலம் வயலோடு வருகிறது: பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, தை கடைசியிலிருந்து பங்குனி வரை, ஒத்திவைத்த சடங்குகளெல்லாம் ஒன்றாக வந்து கதவைத் தட்டும். மார்கழியில் சுப காரியங்கள் இல்லை என்று கடையைச் சோம்பலாக விட்டுவிடுகிறோம். ஆனால் அலுவலக வருட இறுதி விருந்துகளும் நத்தாரும் அந்த மாதத்தில்தான். ஆடியிலும் கல்யாணம் இல்லை. எனினும் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கு வரும் உறவினர் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊரில் நிற்பார்கள், சாத்திரம் பார்க்கத் தேவையில்லாத ஒன்றுகூடல்கள் அப்போது நடக்கும். உங்கள் அறைக்கு ஆடி ஒரு நல்ல மாதமாக இருக்கலாம். கந்தசஷ்டி, நவராத்திரி நாட்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும் மரக்கறி விருந்துக்கென்று தனிப் பட்டியல் வைத்திருங்கள். இறைச்சி இல்லை என்பதற்காக விலையைப் பாதியாக்க வேண்டாம், ஏனென்றால் அன்று அறுத்துக் கழுவும் வேலை கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது, எண்ணிக்கை. நம்முடைய அழைப்பிதழில் "குடும்ப சகிதம்" என்று அடித்துவிடுகிறோம். அதன் பிறகு எத்தனை பேர் வருவார்கள் என்று அழைத்த வீட்டுக்காரருக்கே தெரியாது. அவரிடம் போய்த் தலைக்கணக்குக் கேட்டால், குறைந்துபோய் மானம் போய்விடுமோ என்ற பயத்தில் கூட்டித்தான் சொல்வார். ஆகவே இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று உறுதி எண்ணிக்கை: யார் வந்தாலும் வராவிட்டாலும் இத்தனை தட்டுக்குப் பணம் உண்டு. மற்றது உச்ச எண்ணிக்கை: இதற்கு மேல் வந்தால் அடுப்படியால் முடியாது. சனிக்கிழமை விருந்துக்குப் புதன்கிழமை மாலைக்குள் உறுதி எண்ணிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு அது கூடலாம், குறைய முடியாது. 80 என்று சொன்னவரிடம் 60ஐ உறுதியாக்கி, அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு தட்டுக்கும் அதே விலை என்று எழுதினால், அவருக்கும் பயம் குறையும், நீங்களும் 60 பேருக்குப் பச்சைச் சாமானும் மிகுதி 20 பேருக்கு அரிசி, பருப்பு, குளிரூட்டியில் நிற்கக்கூடிய கோழி என்பவற்றையும் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். 52 பேர் வந்த அன்று இந்த ஒழுங்கு இருந்திருந்தால் வரவு 84,000 ரூபாவாக இருந்திருக்கும், வாங்காத மீனும் மரக்கறியும் செலவில் குறைந்திருக்கும்.

பரிமாறும் முறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாளில் "கோழி தட்டுப்பட்டு இரண்டாந்தரம் பொரித்தது" என்று ஒரு வரி இருக்கிறது. புஃபேயில் சோறு தீர்வதில்லை, கோழிதான் தீரும். கோழியைக் கிலோவில் கணக்கிடாமல் துண்டில் கணக்கிடுங்கள்: தலைக்கு இரண்டு துண்டு என்றால் 80 பேருக்கு 160 துண்டு, வெட்டும்போதே எண்ணி வெட்டச் சொல்லுங்கள். புஃபே மேசையில் கோழிக்கும் இறாலுக்கும் பின்னால் மட்டும் ஒருவரை நிறுத்தி அவரையே பரிமாறச் செய்தால் அவருடைய நாட்சம்பளம் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடும். தயிருக்கு யாரையும் நிறுத்தத் தேவையில்லை. வன்னியில் நல்ல தயிர் வைத்த வீட்டைச் சனம் வருடக்கணக்காக நினைவில் வைத்திருக்கும், அதைத் தாராளமாக விடுங்கள்.

இனி முற்பணம். நாளைப் பதியும்போது மூன்றில் ஒரு பங்கு, உறுதி எண்ணிக்கை தரும் புதன்கிழமை இன்னொரு பங்கு, மிகுதி விருந்து முடிந்த இரவு. இதை ஒரு தாளில் அச்சடித்து, நாள், நேரம், இரண்டு எண்ணிக்கைகள், உணவுப் பட்டியல், அறையை ஒப்படைக்க வேண்டிய நேரம், நாளை மாற்றினால் அல்லது கைவிட்டால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சொந்தக்காரருக்கும் இதே தாள்தான். சித்தப்பா மகனிடம் "உனக்கெதற்கு அட்வான்ஸ்" என்று சொல்லிவிட்டுப் பிறகு உள்ளே கறுவிக்கொண்டிருப்பதைவிட, எல்லோரையும்போல முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு, விருந்தன்று நீங்களும் வீட்டுக்காரியும் உடுத்திக்கொண்டு மேலே போய் அன்பளிப்பு உறையைக் கொடுத்து, அவர்களோடு நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைப் பேரேட்டில் வியாபாரம் வியாபாரமாகப் பதிவாகும். உறவுக்குச் செய்தது உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும். உறவும் கெடாது.

கேள்வி: புதுக்குடியிருப்பில் வீட்டிலிருந்தே சமைத்து, அலுவலகப் பயிற்சிப் பட்டறைகளுக்குப் பகல் உணவும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் கொடுக்கிறேன். ஒரு தடவைக்கு 60 பொதி வரை போகும். பணம் வர ஒன்றரை, இரண்டு மாதமாகிறது. கடைக்காரரோ சாமானுக்கு உடன் காசு கேட்கிறார். வேலையை விடவும் மனமில்லை, அண்ணா. என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் சமையலோடு கடன் கொடுக்கும் தொழிலையும் வட்டியில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். பொது அலுவலகங்கள் பல படிகள் தாண்டித்தான் பணம் விடும், அதை நீங்கள் மாற்ற முடியாது. நீங்கள் மாற்றக்கூடியது, ஒரே நேரத்தில் எவ்வளவு பணம் வெளியே நிற்கலாம் என்ற எல்லையை. கையிலுள்ள மூலதனத்தில் பாதிக்கு மேல் வெளியே நின்றால், அடுத்த ஓடரை முற்பணத்தோடு மட்டும் ஏற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் தரக்கூடிய பிறந்தநாள் வீடுகளும் 31ஆம் நாள் அந்தியேட்டி வீடுகளும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. மாதத்தில் இரண்டு அப்படியான வேலை கிடைத்தால் அலுவலக ஓடருக்கான சாமான் காசு அதிலிருந்து வரும். வாய்மொழி ஓடரை ஏற்க வேண்டாம். விலையைக் கொட்டேஷனாக எழுதிக் கொடுத்து, எழுத்தில் ஓடர் வாங்கி, உணவு கொடுத்த அன்றே பில்லை ஒப்படைத்து, பெற்றவரின் ஒப்பத்தை உங்கள் பிரதியில் வாங்குங்கள், ஏனெனில் தாமதத்தில் பெரும்பகுதி தாள் குறைபாட்டால் வருவது. வியாபாரப் பெயரை இன்னும் பதியாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள். சமையலறையைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களாகவே போய்க் கதைப்பது, அவர் ஒரு முறைப்பாட்டோடு உங்களிடம் வருவதைவிட நல்லது.

பொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து நாட்டில் தடைசெய்யப்பட்டவை. வாழையிலையைச் சூட்டில் வாட்டி, மேலே தாள் சுற்றிக் கட்டினால் சோறு மணக்கும். கோயில் அன்னதானத்தில் தாமரை இலையில் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இதைச் சொல்வதில் ஒரு பக்கச்சார்பு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்குக் கட்டிய பொதி ஒரு மணிக்கு அவிழ்க்கப்படுமானால் அதில் தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் இருக்கக்கூடாது. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலே சூடாகவோ 5 பாகைக்குக் கீழே குளிராகவோ நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கிருமி பெருகும். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியில்கூடச் சாகாது, ஆறிய சோறு நேரமாகக் கிடந்தால் மீண்டும் உயிர்கொள்ளும். திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. எனவே 60 பொதியையும் அதிகாலையில் கட்டிவிடாமல், சோற்றைப் பத்தரைக்குப் பிறகு வடித்து, சூடு தாங்கும் பெட்டியில் அனுப்புங்கள். பட்டறைக்காரரிடம் உணவு நேரத்தை எழுத்தில் கேளுங்கள். பேச்சாளர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனால் ஒரு மணி இரண்டரையாகும், பழியோ சமைத்தவர் தலையில்தான் விழும்.

கேள்வி: வவுனியாவில் எங்கள் உணவகத்துக்கு மது உரிமம் இல்லை. விருந்துக்கு வருபவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவந்து குடிக்கிறார்கள். மறித்தால் ஓடர் போய்விடும். விடலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: உரிமமின்றி மது விற்பது குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தினர் கொண்டுவந்ததற்குக் கண்ணாடிக் குவளை, ஐஸ், "போத்தல் கட்டணம்" என்று நீங்கள் காசு வாங்கத் தொடங்கினால் அதை விற்பனையிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது கடினம். மதுவரி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வரும்வரை போத்தலை உள்ளே கொண்டுவர விடாதீர்கள். இதில் கணக்கும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது: குடிக்கும் விருந்து எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியதைப் பத்தரைக்குச் சாப்பிடும், அதற்குள் கொத்துரொட்டிக்கு வரும் கூட்டம் இடமில்லையென்று போயிருக்கும், பரிமாறுபவர்களுக்கு இரவு வீட்டுக்குப் போக ஓட்டோக் காசும் நீங்கள்தான் கொடுப்பீர்கள். கிளிநொச்சி வாசகருக்குச் சொன்னதுபோல ஒரு தாளில், அறையை ஒப்படைக்கும் நேரம் 9.30 என்றும், அதன் பிறகு ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் இவ்வளவு என்றும் அச்சடித்து, விருந்தைப் பதியும்போதே காட்டுங்கள்.