சீன நாடிக் கருவிகள்: கேள்வி பதில்

மணிக்கட்டில் வைக்கும் அழுத்த சென்சார்கள் என் வேலை. சீன மருத்துவத்தின் நாடிப் பரிசோதனையைக் கருவியால் செய்ய முடியுமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை, அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்து நோய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்தக் கருவி எதைத்தான் அளக்கிறது?

கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியல் தமனி ஒவ்வொரு துடிப்பிலும் தோலை எவ்வளவு உந்துகிறது என்பதை. இதில் புதுமை இல்லை. 1860இல் பிரான்சில் மாரே என்ற உடலியல் அறிஞர் ஒரு நெம்புகோலை மணிக்கட்டில் கட்டி, துடிப்பைக் கோடாக வரைய வைத்தார். சீனாவில் 1950களில் அதே வகைக் கருவியைக் கொண்டு நாடியை வரையத் தொடங்கினார்கள்.

துடிப்பைப் பதிவு செய்வது சுலபம். அழுத்துவதில்தான் சிக்கல். சீன மருத்துவர் சுன், குவான், ச்சி என்று மூன்று இடங்களில் மூன்று விரல்களை வைக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, ஆழமாக அழுத்திப் பார்க்கிறார். தொட்டதும் தெரிந்து, அழுத்தினால் தளர்ந்துபோவது மிதக்கும் நாடி. ஆழமாக அழுத்தினால்தான் தெரிவது மூழ்கிய நாடி. ஆகவே, எவ்வளவு அழுத்தியபோது இந்த அலை வந்தது என்று குறித்துவைக்காத கருவியால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. நல்ல கருவிகள் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அலையின் உயரத்தைப் பதிவு செய்யும். தமனியின் அகலமே 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். சென்சார் கொஞ்சம் நகர்ந்தால் அலையின் வடிவமே மாறிவிடும்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச் போதாதா?

போதாது. அது ஒளியை வைத்து ரத்த அளவின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது, அழுத்திப் பார்ப்பதில்லை. வேகமும் தாளமும் கிடைக்கும். ஒரு மூச்சுக்கு நான்கு, ஐந்து துடிப்பு இயல்பு என்பது சீன மருத்துவக் கணக்கு. அந்த அளவுக்கு உதவும்.

கேள்வி: எந்தக் கருவி வாங்கலாம்?

வீட்டுக்கு எதுவும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஒரு மையத்தில் நாடிக் கருவியில் பார்த்து, ‘நாண் நாடி, கல்லீரல்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகை எடுக்கச் சொல்கிறார்கள்.

முதலில், மாத்திரையை நிறுத்த வேண்டாம். அவருடைய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். இதயம் அனுப்பும் அலை உடலின் கீழ்ப்பகுதிவரை போய், மோதித் திரும்பி வருகிறது. இளவயதில் தமனிகள் நெகிழ்வாக இருப்பதால் திரும்பும் அலை தாமதமாக வரும். வயதானாலோ ரத்த அழுத்தம் கூடினாலோ தமனி விறைத்து, அந்த அலை சீக்கிரமே வந்து முதல் அலையின் மேல் ஏறிவிடும். உச்சி அகலமாகி, விரலுக்கு இழுத்துக் கட்டிய நாண் போலத் தெரியும். பழைய மருத்துவர்கள் விரலால் கண்டது உண்மையான ஒன்றுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 68 வயதில், ரத்த அழுத்தம் உள்ளவரிடம், அப்படி ஓர் அலை வருவது எதிர்பார்க்க வேண்டியதே. மேலும், சீன மருத்துவத்தில் கல்லீரல் என்பது பல செயல்பாடுகள் சேர்ந்த ஒரு தொகுப்பு. ஸ்கேனில் தெரியும் உறுப்பைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: உலோகக் கம்பியைக் கையில் பிடித்தால் எல்லா உறுப்பையும் காட்டும் குவாண்டம் அனலைசர்?

அதில் நாடி சென்சாரே இல்லை. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சித்த மருத்துவ நாடிக்கும் இது பொருந்துமா?

வாத, பித்த, கப முறை தனி. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நாடி பார்த்துக் கர்ப்பம் சொல்வார்களே, கருவி சொல்லுமா?

வழுக்கிச் செல்லும் நாடி கர்ப்பத்தின் அடையாளம் என்பது பழைய கருத்து. கர்ப்பத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுவதால் அலை மாறத்தான் செய்யும். ஆனால் ஆரோக்கியமான இளம்பெண்ணுக்குச் சாதாரணமாகவே அந்த நாடி இருக்கலாம். 2014இல் பெய்ஜிங்கில் ஒரு தீக்காய மருத்துவர், நாடியை மட்டும் வைத்து 80 சதவீதம் சரியாகக் கர்ப்பத்தைச் சொன்னால் பரிசு என்று சவால் விட்டார். ஏற்றுக்கொண்ட சீன மருத்துவர் ஒருவர் பிறகு விலகிவிட்டார். சோதனை நடக்கவே இல்லை.

கேள்வி: நான் கோலாலம்பூரில் சீன மருத்துவம் படிக்கிறேன். அந்தச் சவாலே அநியாயம். பார்த்தல், கேட்டலும் முகர்தலும், விசாரித்தல், தொட்டறிதல் என்று நான்கும் சேர்ந்ததுதான் பரிசோதனை. நாடியை மட்டும் பிரித்தெடுத்தால் எப்படி?

நியாயமான வாதம், ஏற்கிறேன். அப்படியானால் நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து உறுப்புவாரியாகத் தாள் அச்சடிக்கும் கருவியை உங்கள் துறையே எதிர்க்க வேண்டாமா? அந்தச் சவாலில் திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணிடம் நாடி மட்டும் பார்ப்பது அநியாயம் என்றால், மேலே கேட்டவரின் அப்பாவிடம் செய்ததும் அதேதான்.

கேள்வி: (அதே மாணவர்) கருவி மருத்துவருக்குத் துணைதானே? ஆளுக்கு ஆள் விரல் மாறும், கருவி மாறாது.

அதுதான் கருவியின் பலம், மறுக்கவில்லை. ஆனால் அலைக்குப் பெயர் வைப்பது யார்? மூன்றாம் நூற்றாண்டில் சீன மருத்துவர் வாங் ஷூஹே 24 வகை நாடிகளைச் சொன்னார். 1564இல் இன்னொரு சீன மருத்துவர் லி ஷிஜென் 27 என்றார். பின்னால் 28 ஆயிற்று. ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொன்னால், கருவி யாரைப் பின்பற்றும்? இடம், வேகம், வடிவம், வலிமை என்று உங்கள் பாடத்திலேயே பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அந்த நான்கையும் எண்களாகக் கொடுத்துவிட்டு, பெயரை மருத்துவரிடம் விடும் கருவிக்கு என் முழு ஆதரவு உண்டு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்கிறதாமே?

யார் சொன்ன பெயரோடு ஒப்பிட்டார்கள்? ஒரே மருத்துவர் என்றால், மென்பொருள் அவரை நகலெடுக்கக் கற்றிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே நோயாளியின் அலைகள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

கேள்வி: ஐஎஸ்ஓ தரம் உள்ளது என்கிறார்கள். எதை வாங்கலாம்?

2017இல் சென்சாருக்கும் 2020இல் கருவிக்கும் ஐஎஸ்ஓ தரம் வந்தது உண்மை. அவை அளவீட்டைப் பற்றியவை. நோயறிதல் சரி என்பதற்கான சான்று அல்ல. வாங்குவது பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: விலை குறைவாக ஏதாவது?

மேலே பாருங்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பயோமெடிக்கல் இறுதியாண்டு. இதையே ப்ராஜெக்ட்டாகச் செய்யலாமா?

தாராளமாக. நோயைத் தொடாதீர்கள். சென்சாரோடு, அழுத்தும் விசையை அளக்கவும் ஒரு வழி செய்யுங்கள். கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும், அளக்கும் முன் ஆளைச் சற்று உட்கார வையுங்கள். ஒரே ஆளிடம் வெவ்வேறு நாட்களில், சென்சாரைக் கழற்றி மறுபடி வைத்து, அதே அலை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எழுதுங்கள், சென்சாரைப் பற்றி அடுத்துப் பேசலாம்.