டோ பார் சைக்கிள் ராக்கின் லைற் வயர்களைக் காரின் பின் லைற்றோடு நேரே முறுக்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: கார் டொயோட்டா அக்குவா ஹைபிரிட், பின்னால் ராக் மாட்டும் இரும்பான டோ பார் பூட்டியாயிற்று, லைற் பிளக்கைச் செருகும் சொக்கற் இல்லை. ஜெர்மனியிலிருந்து மாமா கொண்டுவந்த சைக்கிள் ராக்கில் 13 பின் (ஊசி) பிளக் இருக்கிறது. கராஜில் பின் லைற் வயரைச் சுரண்டி அப்படியே முறுக்கிவிடலாம் என்கிறார்கள், செய்யலாமா?

வேண்டாம். பின் லைற் வயரில் இருந்து எடுக்க வேண்டியது எந்த லைற் எப்போது எரிகிறது என்ற தகவலை மட்டும்தான். ராக்கின் பல்புகள் எரிவதற்கான கரண்ட் பற்றரியில் இருந்து தனி வயரில் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பைபாஸ் ரிலே இருக்க வேண்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டிதான் அது.

காரணம் சொல்கிறேன். ராக்கில் சாதாரண பல்புகள் என்றால் சிக்னலும் பிரேக்கும் ஒவ்வொன்றும் 21 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 அம்பியர். பழைய கார்களில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம், சிக்னல் கொஞ்சம் வேகம் மாறி அடிக்கும், அவ்வளவுதான். இப்போதைய கார்களில் பின் லைற் எல்ஈடி, அதற்குப் போகும் வயரும் அந்தச் சின்னக் கரண்ட்டுக்கு அளவானது, சில மாடல்களில் பார்க் லைற்றும் பிரேக்கும் ஒரே எல்ஈடிதான், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரியும் துடிப்பை மாற்றித்தான் மங்கலும் பிரகாசமும் காட்டுகிறது. அதில் போய் 21 வாட் பல்பைத் தொங்கவிட்டால் பியூஸ் போனால் அதிர்ஷ்டம், லைற்றைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போனால் செலவு பெரிது. ரிலே வாங்கும்போதும் எல்ஈடி லைற் உள்ள காருக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

அக்குவாவில் ஒரு வசதி, 12 வோல்ட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழேயே இருக்கிறது, முன்னால் எஞ்சின் வரை வயர் இழுக்கத் தேவையில்லை. பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள். எல்லா லைற்றும் ஒன்றாக எரிந்தாலும் 10 அம்பியருக்கு அங்கால் போவது அரிது, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். செம்மஞ்சள் உறை போட்ட தடித்த கேபிள் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள், அது ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்தக் கேபிள், உயிருக்கு ஆபத்து.

காரின் வயர் நிறங்களை நம்பாதீர்கள். ஒருவரை டிரைவர் சீற்றில் இருத்தி ஒவ்வொரு லைற்றாகப் போடச் சொல்லி, வோல்ட் அளக்கும் மீற்றரை வைத்து எது எது என்று கண்டுபிடியுங்கள். பல்பு வைத்த டெஸ்டர் இந்த வேலைக்குக் கூடாது, அதுவே கரண்ட் இழுக்கும். காரில் பூட்டும் 13 பின் சொக்கற்றின் பின்பக்கத்தில் எண்கள் பொறித்திருக்கும்: 1 இடது சிக்னல், 4 வலது சிக்னல், 5 வலது பார்க், 7 இடது பார்க், 6 பிரேக், 8 ரிவேர்ஸ், 3 எர்த் (கரண்ட் திரும்பிப் போகும் வழி). 2 பின்பக்கப் பனிமூட்ட லைற், உங்கள் காரில் அது இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம். 9 இலிருந்து 13 வரை முக்கியமாகக் கரவனுக்கானவை (காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி), ராக்குக்கு வேண்டாம். இடம், வலம் நாடு மாறினாலும் மாறாது, ஜெர்மனி ராக் என்று குழம்ப வேண்டாம்.

இனி எர்த். இடது சிக்னல் போட்டால் பார்க் லைற்றும் சேர்ந்து துடிக்கிறது, பிரேக் அழுத்தினால் எல்லாம் மங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகப் போகப் பார்க்கும், அதுதான் அந்த விளையாட்டு. டோ பாரின் இரும்பே எர்த் ஆகும் என்று விட்டுவிடாதீர்கள், பெயின்ற்றும் கிரீசும் தொடர்பைக் கெடுக்கும். 3 ஆம் பின்னில் இருந்து தனி வயர் இழுத்து, காரின் இரும்பு உடலில் பெயின்ற் சுரண்டிய இடத்தில் வளையம் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் இது இரட்டிப்பு முக்கியம், கசூரினாக் கடற்கரைக்கோ கடலோடு ஒட்டிய பொன்னாலைப் பாலம் வழியாகவோ நாலு தடவை போய்வந்தாலே உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். இதே காரணத்துக்காக, வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்புகளையும் தவிருங்கள், இழைகள் வெட்டுப்பட்டு அந்த வெட்டுக்குள்தான் உப்பு முதலில் இறங்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடுகாட்டிச் சுருக்கும் குழாய் போடச் சொல்லுங்கள், கராஜ்காரர் முணுமுணுத்தாலும் விடாதீர்கள்.

13 பின் பிளக் வெறுமனே தள்ளினால் போதாது, தள்ளி வலப்பக்கம் திருப்பினால்தான் பூட்டும். முடிந்ததும் பார்க், பிரேக், சிக்னல் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள், தனித்தனியே எரிவது மட்டும் போதாது. அப்போது பிளக்கைக் கையால் ஆட்டியும் பாருங்கள்.

அப்புறம், டோ பாரில் ஒட்டிய தகட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும். ராக்கின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும், நம்முடைய பெரிய சைக்கிள்கள் ஐரோப்பியச் சைக்கிள்களை விடப் பாரம். லைற் வேலையைத் தொடங்க முன்னமே அதைப் பார்த்துவிடுங்கள்.