பழைய பைக்கில் புது பிரேக் பேட் மாட்டியதும் பிரேக் ஏன் சரியாகப் பிடிப்பதில்லை?

பிரேக் பேட் என்பது காலிப்பர் என்ற கவ்விக்குள் இருந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. பழைய டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும்; தட்டையான புது பேட் அதன் மேடுகளை மட்டுமே தொடும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி, இது தேய்ந்து படிய 200, 300 கிலோமீட்டர் ஆகும். அதுவரை முன்வண்டியை நெருங்கி ஓட்டாதீர்கள்.

மாட்டும்போது கெடுவது பெரும்பாலும் காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன்தான். விளிம்பில் ஒட்டிய அழுக்கை பிரேக் கிளீனரால் துடைக்காமல் உள்ளே தள்ளினால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பழுதாகும், பிஸ்டன் சிக்கும், டிஸ்க் சூடேறும். வண்டியை எடுக்குமுன் பிரேக் லீவர் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஆயில் மட்டம் இறங்கினாலே லீக் என்று பலர் ஊற்றி நிரப்புகிறார்கள். பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும். நிரப்பி வைத்தால், புது பேட் மாட்ட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெட்ரோல் டேங்க் பெயின்ட்டை அரிக்கும்.