ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்: கேள்வி பதில்

கே: அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸுக்கு முன்னோடி, கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) இசையை ராக்கோடு கலந்த ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுதான் என்கிறார்களே, மெய்யா?

ப: மெய்தான். ஈகிள்ஸைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான பெர்னி லெடன் பரிட்டோவில் கிட்டார் வாசித்துவிட்டு அங்கே போனவர். பேர்ட்ஸ் குழுவை விட்டு வந்த கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் 1968இல் லாஸ் ஏஞ்சலிஸில் பரிட்டோவைத் தொடங்கினார்கள்.

கே: பார்சன்ஸ் இல்லையென்றால் குழுவே இல்லை, சரிதானே?

ப: ஹில்மனை மறந்துவிட்டுப் பேசும் பேச்சு இது. 1969இல் வந்த 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' எல்.பி.யில் (இசைத்தட்டில்) 11 பாட்டு. அதில் 6 இருவரும் சேர்ந்து எழுதியவை. பேஸ் வாசித்த கிறிஸ் எத்ரிட்ஜ் அந்த ஆண்டிலேயே விலகியதும், ஹில்மன் தன் கிட்டாரை வைத்துவிட்டு பேஸை எடுத்துக்கொண்டார். லெடன் வந்தது அப்போதுதான்.

கே: அந்த எல்.பி.யில் லீட் கிட்டார் (முதன்மை மெட்டு வாசிக்கும் கிட்டார்) போல உறுமுவது எது?

ப: பெடல் ஸ்டீல். படுக்கையாக வைத்து, தந்திமேல் உலோகக் கட்டையை நகர்த்தியும் பெடலால் சுருதியை மாற்றியும் வாசிக்கும் கிட்டார் அது. முதல் எல்.பி.யின்போது குழுவில் தனி லீட் கிட்டார்காரரே கிடையாது. அந்தச் சுமை முழுவதும் ஸ்னீக்கி பீட் க்ளைனோவின் தலையில். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் வாசிப்பாளர்கள் பெரும்பாலும் 10 தந்தி, ஈ9 சுருதி, தெளிவான ஒலி என்று போவார்கள். இவர் வைத்திருந்தது 8 தந்தி ஃபெண்டர் 400, பி6 சுருதி. அதை ஃபஸ் பெட்டி (ஒலியைச் சிதைத்து உறுமவைக்கும் கருவி) வழியாக விட்டார். முயல்பவர்களுக்கு ஒன்று: ஃபஸ் போட்டு மூன்று நான்கு தந்தியைச் சேர்த்து மீட்டினால் சுரங்கள் மோதிக் கூழாகிவிடும். ஒன்றிரண்டு தந்தியோடு நில்லுங்கள். ஒலியளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலை ஃபஸ்ஸுக்குப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் இருந்தால் ஒலி குறையும்போது உறுமலும் வற்றிப்போகும்.

கே: இவ்வளவு இருந்தும் ஏன் விற்கவில்லை?

ப: முதல் எல்.பி. பில்போர்டில் (அமெரிக்க விற்பனைப் பட்டியலில்) 164ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கன்ட்ரி வானொலிக்கு இவர்கள் நீளமுடி ஹிப்பிகள். ராக் ரசிகர்களுக்கோ ஸ்டீல் கிட்டார் பட்டிக்காட்டு ஒலி. பகட்டான மேடை உடைகளுக்குப் பேர்போன தையல்காரர் நூடி கோன் கடையில் தைத்த கோட்டில் கஞ்சா இலையையும் மாத்திரையையும் பூவேலையாகப் போட்டுக்கொண்டு நின்றால் எந்தக் கன்ட்ரி நிலையம் கதவைத் திறக்கும்? பார்சன்ஸுக்கு விமானம் என்றால் பயம். அதனால் சுற்றுப்பயணம் ரயிலில் நடந்தது. வழியெல்லாம் போக்கர் ஆட்டம். ஒத்திகை இல்லாத குறை மேடையில் தெரிந்தது. என் கணக்கில் வானொலியைவிட இதுவே பெரிய காரணம்.

கே: பார்சன்ஸ் எப்போது போனார்?

ப: 1970இல், 'பரிட்டோ டீலக்ஸ்' வந்த பிறகு நீக்கப்பட்டார். அவர் இடத்துக்கு ரிக் ராபர்ட்ஸ். 1971இல் லெடனும் க்ளைனோவும் விலகினார்கள். ஸ்டீலுக்கு ஆல் பெர்க்கின்ஸ் வந்தார். பிறகு ஹில்மனும் பெர்க்கின்ஸும் ஸ்டீஃபன் ஸ்டில்ஸின் மனாசஸ் குழுவுக்குப் போய்விட்டார்கள்.

கே: பழைய எல்.பி. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ப: உறையின் பெயரை நம்பாதீர்கள், வாசித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள். 1975இன் 'ஃப்ளையிங் அகெய்ன்' க்ளைனோவும் எத்ரிட்ஜும் மறுபடி கூட்டிய குழு. கிராம் பார்சன்ஸும் இல்லை, ஹில்மனும் இல்லை. 'பரிட்டோ பிரதர்ஸ்' என்று பெயரைச் சுருக்கிய பிறகு கன்ட்ரி பட்டியலில் பல பாட்டுகள் ஏறின! முதலில் 1969 எல்.பி.யை வாங்குங்கள். அடுத்து, 'டீலக்ஸை'த் தாண்டி, 1972இன் நேரடிப் பதிவான 'லாஸ்ட் ஆஃப் தி ரெட் ஹாட் பரிட்டோஸ்'.