பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா: எதற்குக் கட்டலாம்?

செந்தூல் அக்கா: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக். எதை எடுக்கலாம் தம்பி?

வீட்டில் தினமும் யூடியூப் ஓடுகிறது என்றால் யூடியூப் பிரீமியம் எடுங்கள் அக்கா. விளம்பரம் போய்விடும், யூடியூப் மியூசிக்கும் அதிலேயே அடக்கம். ஐபோன் செயலிக்குள் வாங்காமல் உலாவி வழியாக வாங்குங்கள், விலை குறையும்.

பாட்டு மட்டும் போதும் என்றால், நீங்கள் உண்மையில் கேட்கிற இருபது பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கிலேயே தேடிப் பார்க்கலாம். ஆப்பிளில் இலவசக் கணக்கு கிடையாது, சோதனைக் காலத்தில்தான் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டு எங்கே அதிகம் இருக்கிறதோ அங்கே பணம் கட்டுங்கள். ஊரெல்லாம் புகழ்கிற செயலியில் உங்கள் பாட்டு இல்லையென்றால் என்ன பயன்?

கெப்போங் ஐயா: டி.எம்.எஸ்., சுசீலா பாட்டைத் தேடினால் வேறு யாரோ பாடியது வருகிறதே, தம்பி?

ஐயா, தமிழ் கேட்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. பழைய பாட்டை வேறு பாடகர்களை வைத்துத் திரும்பப் பதிவு செய்து, அதே தலைப்பில் ஏற்றிவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பாட்டை நாலு விதமாக எழுதுவதால் அசல் பதிவு கீழே போய்விடுகிறது. பாட்டின் முதல் வரியை விட்டுவிட்டுப் படத்தின் பெயரால் தேடுங்கள். பிறகு ஆல்பத்தின் அடியில் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். அந்தக் காலத்து எச்.எம்.வி. பதிவுகள் இப்போது சரிகம பெயரில் இருக்கும்.

சில பாட்டு நேற்று இருக்கும், இன்று மங்கிக் கிடக்கும். காரணம் உரிமைச் சிக்கல். இளையராஜா பாடல்களின் உரிமை வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனவை.

உங்களுக்கு யூடியூப் மியூசிக்கைத்தான் சொல்வேன். ரசிகர்கள் யூடியூபில் ஏற்றிவைத்த அரிய பதிவுகளும் அதில் கிடைக்கும். உங்களிடம் உள்ள சிடி பாடல்களைக் கணினி வழியாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம், 1,00,000 பாட்டு வரை இடம் உண்டு. மலேசியக் கலைஞர்களின் பழைய ஆல்பம் வைத்திருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள் ஐயா. சிடி கெட்டுப்போனால் மறுபடி எங்கே தேடுவது?

செராஸ் தம்பி: லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத ஒலி, இருந்தால்தான் நல்லதா அண்ணே?

ஆப்பிள் 2021 முதல் கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறது, ஸ்பாட்டிஃபை 2025-இல் பிரீமியத்தில் சேர்த்தது. யூடியூப் மியூசிக் 256 கேபிபிஎஸ்ஸோடு (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற கணக்கு) நிற்கிறது. ஆனால் புளூடூத் இயர்போனில் கேட்டால் ஒலி மறுபடி சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வரும். நல்ல வயர் ஹெட்ஃபோன் இருந்தால் மட்டும் இதைக் கணக்கில் எடு. 320 கேபிபிஎஸ்ஸே மணிக்கு 144 எம்பி டேட்டா தின்னும், லாஸ்லெஸ் அதைவிடப் பல மடங்கு.

பத்துமலை அக்கா: சென்னையில் இருக்கும் மாமாவின் குடும்பத் திட்டத்தில் சேரலாமா?

கூடாது அக்கா. ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை சேரலாம், ஆனால் எல்லாரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகக் கட்டினால் முதலில் அதை ஒன்றாக்குங்கள், பணம் மிச்சமாகும்.

பங்சார் வாசகி: மஸ்ஜித் ஜாமெக் தாண்டி எல்ஆர்டி ரயில் சுரங்கத்தில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது.

வீட்டு வைஃபையில் தரவிறக்கிக்கொண்டு கிளம்புங்கள். ஸ்பாட்டிஃபை என்றால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும், இல்லையென்றால் தரவிறக்கியவை போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: விலையோடு வரியும் உண்டா?

உண்டு. மலேசியாவில் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 முதல் 6% சேவை வரி, 2024 மார்ச் முதல் 8%. அறிவித்த விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

அதே அண்ணன்: தரவிறக்கிய பாட்டைப் பென்டிரைவில் போட்டுப் பழைய மைவி காரில் கேட்கலாமா?

முடியாது அண்ணே. அந்தக் கோப்புகள் பூட்டப்பட்டவை, செயலிக்குள் மட்டுமே ஓடும். காரில் புளூடூத் இல்லையென்றால் ஆக்ஸ் வயர் போதும். அதுவும் இல்லையென்றால் பழைய பென்டிரைவையே வைத்திருங்கள், காருக்காகச் சந்தா கட்ட வேண்டாம்.